பூவின் தலையில் விட்ட தண்ணீர்

டிசம்பர் 28

அன்புள்ள பட்டாணிக்கு,

அண்ணி எழுதுவது. உன் தும்மல் நின்றதா? மண்ணைச் சலித்துச் சலித்து மூக்குக்குள் ஒரு வயலே இருக்கிறது என்று போன தடவை சொன்னாய். என் முழங்கால் வலி சுகமாக இருக்கிறது, நான்தான் அதோடு சிரமப்படுகிறேன்.

மண் பரிசோதனை நிலையத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவளைப் பட்டாணி என்று கூப்பிடலாமா என்று கோபித்துக்கொள்ளாதே. நான் கல்யாணமாகி வந்த நாளில் வீட்டில் எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனை எடுத்தாலே உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்கிறார். பிறகு நான் என்னத்தைப் பேசுவது? விதைக்கடை அம்மாவின் விலாசம் பின்னால் இருக்கிறது, அதற்கு எழுது. கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவாள்.

என் அம்மா எனக்கு விட்டுப்போன ஒரு ஏக்கர் இத்தனை காலம் முள் மண்டிக் கிடந்தது. இந்த முறை சூரியகாந்தி போடப்போகிறேன். எண்ணெய் ஆலைக்காரர் விதையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்த மாதிரி மண் வேண்டும், எப்போது எவ்வளவு தண்ணீர் வேண்டும், விவரமாக எழுது. இரண்டு பொட்டலம் மண் அனுப்பியிருக்கிறேன். ஒன்று மேட்டுப்பக்கம், இன்னொன்று பள்ளத்துப்பக்கம். பள்ளத்து மண்ணை மட்டும் முகர்ந்து பார்க்காதே.

உன் அண்ணன் ஃபோன் ரிப்பேர் கடையை மூடிவிட்டார். நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து தன் மூஞ்சியைத் தானே வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிட்ட தட்டிலேயே கால் நகத்தை வெட்டிப் போடுகிறார், அதை நான் கழுவ வேண்டும். வெளிப்படையாகச் சொல்கிறேன், அவரைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கோபமாக இருந்தாலாவது ஆறிப்போகும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா? உன் அம்மா ஒரு வார்த்தை கண்டிக்க மாட்டார்களா? நீ வந்து பேசினால் கேட்பாரா? மூன்றுக்கும் பதில் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். தும்மல் பாதி குறைந்திருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், குத்துக்காலிட்டு உட்காராதீர்கள்.

மண் பார்த்தேன். மேட்டு மண் அருமை. புளிப்பும் இல்லை, உவர்ப்பும் இல்லை, காற்றோட்டம் இருக்கிறது. சூரியகாந்தி எந்த மண்ணிலும் ஒப்பேற்றிவிடும், ஆனால் வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போகிற பயிர் அது. போக வழி இருக்க வேண்டும். பள்ளத்து மண் களி. அங்கே முழங்கை ஆழம் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வடிகால் வெட்டாமல் விதைக்காதீர்கள். இந்தச் செடி மண் காய்ந்தாலும் தாங்கும், காலடியில் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

மண்ணை வரிசையாக மேடு கட்டி, பார் பிடித்து நடுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒரு அடி. எருவை அள்ளிக் கொட்டாதீர்கள். செடி மட்டும் ஓங்கி வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும்.

அண்ணனையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
பட்டாணி


பிப்ரவரி 3

அன்புள்ள பட்டாணிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் கொஞ்சம் மசிந்திருக்கிறது.

நீ சொன்ன குழியைத் தோண்டினேன். மறுநாள் மட்டுமல்ல, மூன்றாம் நாளும் தண்ணீர் நின்றது. மேலே எண்ணெய்ப் படலம், நடுவில் ஒரு செத்த எலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் விதைக்கடை அம்மாவும் வடிகால் வெட்டினோம். தோண்டத் தோண்டக் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டும் கை நாறியது. உன் அண்ணன் கட்டிலை விட்டு எழாமலே "கிட்ட வராதே, குமட்டுது" என்றார். எனக்கும் அதே பிரச்சினைதான் என்று சொல்ல நினைத்தேன், போய் நான்காம் முறை கையைக் கழுவினேன்.

பார் பிடித்து விதைத்தாயிற்று. முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் அட்சரம் பிசகாமல் பதில் எழுதியிருந்தாய். உன் அண்ணனைப் பற்றி நான் கேட்ட மூன்றும் தபாலில் தொலைந்துவிட்டதா?

அண்ணி


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கை நாற்றம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு குழியில் இரண்டு முளைத்திருந்தால் நோஞ்சானைப் பிடுங்கிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தண்ணீர் போதும், மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று உதிர வேண்டும். ஆனால் மூன்று கட்டத்தில் காயவிடக் கூடாது. மொட்டு கட்டும்போது, பூக்கும்போது, விதை பால் பிடிக்கும்போது. அப்போது தண்ணீர் தவறினால் பூ பெரிதாக இருக்கும், உள்ளே விதை பருப்பில்லாத சாவியாக இருக்கும்.

தண்ணீர் வாய்க்காலில் போகட்டும், செடியின் மேல் விழ வேண்டாம்.

அண்ணன் விஷயம் பிறகு எழுதுகிறேன். இங்கே வேலை அதிகம்.

பட்டாணி


மார்ச் 21

அன்புள்ள பட்டாணிக்கு,

உடம்புக்கு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, தலைதான் சுற்றுகிறது.

பூத்துவிட்டது. ஏக்கர் முழுக்க மஞ்சள். உன் அண்ணன் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்! சந்தோஷப்படாதே. வேலியில் ஒரு வாசல் பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு படம் எடுக்க ஆள் விடுகிறார். இரண்டு வாரமாகக் கூட்டம். வரப்பெல்லாம் நொறுக்குத்தீனிப் பாக்கெட், குழந்தைகளின் அழுக்கு நாப்கின். செடி மறைவில் ஒன்றுக்குப் போகிறார்கள். ஒருவன் பூவின் முகத்தில் விதையைப் பிடுங்கிக் கண், வாய் வைத்து, அதோடு கன்னம் ஒட்டிச் சிரிக்கிறான். இதைப் பார்த்துக்கொண்டு நான் களை எடுக்கிறேன்.

காலையில் உன் அண்ணன் குழாய் பிடித்துப் பூவுக்கெல்லாம் தண்ணீர் தெளிக்கிறார், பூவின் தலையிலேயே. பனித்துளி மாதிரி இருந்தால் படம் பளபளக்குமாம். கூடாதென்று நீ எழுதியதைச் சொன்னேன். "பட்டாணிக்கு மண்ணு தெரியும், மார்க்கெட் தெரியாது" என்கிறார்.

இன்னொரு விஷயம், எனக்கே புரியவில்லை. முன்பின் தெரியாத பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நேற்று ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு எங்கயும் போகலைம்மா, இந்தப் பூவிலதான் இருக்கா" என்றாள். எந்தப் பொண்ணு? வேலி ஓரத்தில் கரடி பொம்மை, சாக்லேட், மெழுகுவர்த்தி என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். சாக்லேட் உருகி எறும்பு அப்பியிருக்கிறது. உன் அண்ணனைக் கேட்டால் "சும்மா இரு, வியாபாரம்" என்கிறார். உனக்கு ஏதாவது தெரியுமா?

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்.

பூவின் மேல் தண்ணீர் விழுவதை உடனே நிறுத்த வேண்டும். ஈரம் நின்றால் பூவின் முதுகு பழுப்பாகி, மெத்தென்று ஆகி, அழுகும். தேனீயும் வராது, விதை பிடிக்காது. குழாயைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள்.

மற்றதில் ஏதோ தவறுதல் இருக்கும். இங்கே மழை.

பட்டாணி


ஏப்ரல் 5

பட்டாணி,

நீ நலமாகவே இரு. இங்கே யாரும் நலமில்லை.

உன் அண்ணன் போட்ட வீடியோவை விதைக்கடை அம்மா எனக்குக் காட்டினாள். ஆறு வயதில் எங்கள் மகள் காய்ச்சலில் செத்துப்போனாளாம். அவளுக்கு மஞ்சள் நிறம் பிடிக்குமாம். அவள் நினைவாக இந்த வயலைத் தன் கையால் விதைத்தாராம். தன் கையால்! சொல்லும்போது குரல் உடைகிறது, மூக்கைச் சிந்துகிறார். நடுவில் ஒரு கண் கேமராவில் தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்த்துக்கொள்கிறது. நான் கடை வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. உனக்குத் தெரியாதா? பதினாலு வருஷம் உன் அம்மா என்னை என்னென்ன சொன்னார்கள் என்பதை நீயும் காதால் கேட்டவள்தானே. நான் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. அவர் ஒரு தடவை பரிசோதனைக்கு வந்தாரா? ஆம்பிளைக்கு எதற்கு என்றார். பெறாமல், வளர்க்காமல், இப்போது ஒரு பிள்ளையை உண்டாக்கிக் கொன்றும் விட்டார்.

வந்தவர்களிடம் சொன்னேன், "எங்களுக்குக் குழந்தையே கெடையாது, இந்த ஆளு பொய் சொல்றாரு" என்று. யாரும் திடுக்கிடவில்லை. ஒருத்தி என் தலையைத் தடவி, "சரிம்மா, சரிம்மா" என்றாள். உன் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். துக்கத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதாம். பிள்ளையே பிறக்கவில்லை என்று உளறுவேனாம். மறுத்துப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் கதைக்குத்தான் வலு ஏறுகிறது. கத்தினால் இன்னும் அழுகிறார்கள்.

உன் அம்மாவிடம் போனேன். "வீட்டுக்கு நல்லது நடக்குது, நீ எதுக்குக் குறுக்கே நிக்கிறே" என்கிறார்கள்.

குழாயை ஒளித்தேன், புதுசு வாங்கிவிட்டார். பூ அழுகத் தொடங்கிவிட்டது. முதுகுப்பக்கம் விரல் வைத்தால் உள்ளே போகிறது, பழுப்பு நீர் ஒழுகுகிறது. அதையும் படம் எடுத்து, "பூவும் என் மகளுக்காக அழுவுது" என்று போட்டிருக்கிறார். கூட்டம் இரண்டு மடங்கு.

26ஆம் தேதி நினைவுநாளாம். வாசலில் ஒரு பெரிய பலகை வந்திருக்கிறது, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அன்று நான் பலகையைத் திறந்து, அம்மாவாக நின்று நான்கு வார்த்தை பேச வேண்டுமாம். ஒருமுறை பேசிவிட்டால் பட்டாணி, சாகும்வரை நான் அந்தப் பொய்க்குத் தாய். பேசாவிட்டால் பைத்தியம். குடும்பத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அப்படி ஒரு பிள்ளை இருந்ததில்லை என்று வாயைத் திறந்து சொன்னால் போதும். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

அவர், இவர் என்று மரியாதை எதற்கு என்று தோன்றுகிறது. கை பழகிவிட்டது.

அண்ணி


ஏப்ரல் 15

பட்டாணி,

பத்து நாளாக விதைக்கடைக்கு நடக்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பற்றிக்கூட இல்லை.

நேற்று அவர் குளிக்கப் போயிருந்தபோது பலகைத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். "எங்கள் பட்டாணி" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே ஒரு சிறுமியின் படம். முன்பல் இரண்டும் இல்லை. பழைய படத்துக்குப் புதுசாய் நிறம் ஏற்றியிருக்கிறார். பாவாடையை மஞ்சளாக மாற்றியிருக்கிறார். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற தழும்பை மாற்ற மறந்துவிட்டார்.

உன் அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தன் மகளின் படம் என்று தெரிந்தே.

ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியாது என்று எழுதுகிறேன். செத்துப்போனவள் நீதான்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

நான் நலமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அந்த வீடியோவை நான் மார்ச் மாதமே பார்த்துவிட்டேன். சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்யும் பெண் காட்டினாள். பார்த்து அழுதாள். "இவர் யாருன்னு தெரியலை, கல்லும் கரையும்" என்றாள். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் கை மண், தண்ணீர் என்றுதான் எழுதியது. எங்கள் வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேச மாட்டோம். அவன் தின்ற மிச்சத்தைத் தின்றுவிட்டு எழுந்துபோவோம். அப்படித்தான் வளர்ந்தேன். முடிந்தவரை தூரத்தில் வேலை தேடிக்கொண்டதும் அதனால்தான்.

படத்தில் நான் என்று படித்ததும் உடம்பெல்லாம் புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. இரண்டு முறை குளித்தேன்.

டிசம்பரில் நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில்: ஆமாம், சின்ன வயதிலிருந்தே. அம்மா கண்டிக்க மாட்டாள். அவன் கேட்க மாட்டான்.

ஆனாலும் வருகிறேன், அவனிடம் பேச அல்ல. 26ஆம் தேதி காலை பேருந்தில் வருவேன். யாரிடமும் சொல்ல வேண்டாம். பலகையைத் திறக்க ஒத்துக்கொள்ளுங்கள்.

அழுகிய பூவை அறுத்து வயலுக்கு வெளியே புதைத்துவிடுங்கள், மற்றதற்குத் தொற்றும். குழாய் எட்டாத வரிசைகள் இருந்தால் அவற்றைக் காப்பாற்றலாம். பால் பிடிக்கும் நேரம், வாய்க்காலில் தண்ணீர் விடுங்கள்.

பட்டாணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் தூங்கினேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?

அன்றைக்கு நடந்தது எனக்குப் பாதி ஞாபகம் இல்லை. பேசி முடித்ததும் வாந்தி வருகிற மாதிரி இருந்ததால் ஓடிப்போய்ப் பேருந்து பிடித்துவிட்டேன், உங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பிறகு என்ன ஆனது? அவன் முகம் எப்படி இருந்தது? எழுதுங்கள்.

பட்டாணி


மே 11

என் அருமைப் பட்டாணிக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன், குறட்டை விட்டுத் தூங்குகிறேன். உன் வயிறு சரியானதா?

உனக்கு ஞாபகம் இல்லாததையும் நீ ஓடிப்போன பிறகு நடந்ததையும் சொல்கிறேன். நான் துணியை இழுத்ததும் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று, புருவத்தைத் தொட்டுக் காட்டி, "நான்தான் செத்துப்போன பட்டாணி. இந்த ஆளோட தங்கச்சி. வயசு முப்பத்திரண்டு. மண்ணு டெஸ்ட் பண்ற வேலை. எனக்குக் காய்ச்சலே வந்ததில்லை" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம், "தும்மல் மட்டும் உண்டு" என்றும் சேர்த்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூறு பேரும் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவன் முகத்தைக் கேட்டாயே. ('அவர்' போய் 'அவன்' என்று எழுதக் கையைப் பழக்கிவிட்டேன்.) ஒரு நிமிஷம் வெளிறியது. பிறகு, நீ நம்ப மாட்டாய், இரண்டு கையையும் விரித்து, கேமரா இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, "என் மகளே, தங்கச்சி உருவத்தில திரும்பி வந்துட்டியா" என்று ஓவென்று அழுதான். அதற்குள் நீ ஓடிவிட்டாய். வெட்கம் என்ற ஒன்று அவனுக்கு உடம்பில் வைக்கவே இல்லை. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். உன் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

மற்றவர்கள் தட்டவில்லை. என் தலையைத் தடவியவள் நேராக வேலிக்குப் போய், தான் வைத்த கரடி பொம்மையை எறும்போடு எடுத்து உதறி, அவன் காலடியில் போட்டாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள். இந்த முறை கட்டிக்கொள்ளவில்லை. "அப்போ உங்களுக்குக் கொழந்தை பொறக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதினாலு வருஷமாக நான் தலையைக் குனிந்திருக்கிறேன். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வரிசை, எங்கே யார் கேட்டாலும் பேச்சை மாற்றியிருக்கிறேன். அன்று அத்தனை பேருக்கு முன்னால் தலையை நிமிர்த்தி, "இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை" என்றேன். வாயைக் கொப்பளித்துத் துப்பின மாதிரி இருந்தது. இன்னொரு முறை கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

அவன் உன் அம்மா வீட்டில் இருக்கிறான். நீயும் நானும் சேர்ந்து சதி செய்தோம் என்று புது வீடியோ போட்டிருக்கிறானாம். அதையும் பார்த்து அழ ஆள் இருக்கிறதாம், இருந்துவிட்டுப் போகட்டும். அவன் துணிமணியைப் பை கட்டி அனுப்பிவிட்டேன். கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டேன். அவன் தட்டைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன்.

வயலின் கீழ்ப்பாதி முழுக்கப் போய்விட்டது. விதைக்கடை அம்மாவும் நானும் அறுத்து அறுத்துப் புதைத்தோம், அந்த வாடையில் அவளுக்கே மயக்கம் வந்தது. மேட்டில் குழாய் எட்டாத வரிசைகள் தப்பித்தன. பூவின் முதுகு மஞ்சளாகிவிட்டது, தண்ணீரை நிறுத்திவிட்டேன், அடுத்த வாரம் அறுப்பு. சரியா?

இன்று காலை ஒரு பெண் வீட்டு வேலிக்கு வெளியே நின்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். அவளும் கால் ஏக்கரில் சூரியகாந்தி போட்டாளாம், பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதாம், என்ன செய்வது என்று யாரோ என்னைக் கேட்கச் சொன்னார்களாம். வீடு தெரியாமல் தெருவெல்லாம் விசாரித்திருக்கிறாள். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, அந்தப் பிள்ளை இல்லாத அம்மா வீடு இதுதானா?" என்றாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதேதான், உள்ளே வா" என்றேன்.

அண்ணி